பொடியோடு நின்றுபோகும் ஆராய்ச்சி: செமிகண்டக்டர் இயக்கத்துக்கு ஒரு திறந்த மடல்

குறைக்கடத்தித் தொழிலை வளர்க்க மாநில அரசு அறிவித்த தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கும், அதன் நிதியைப் பிரித்துக் கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே டொலுவீன் என்ற கரைப்பான், மங்கலான மஞ்சள்பச்சை நிறத்தில். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க ஒரு புறஊதா டார்ச் வைத்திருப்பார்களே, அதை இந்தக் குப்பிமேல் அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் பச்சையாக எரியும். வாழைக்குருத்தில் காலை வெயில் பட்ட மாதிரி இருக்கிறது என்று என் மாணவி ஒருவர் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

இதைச் செய்ய எங்களுக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. சீசியம் புரோமைடையும் லெட் (ஈய) புரோமைடையும் டி.எம்.எஃப். திரவத்தில் கரைத்து, கொஞ்சம் ஒலிக் அமிலமும் ஒலைலமைனும் சேர்த்து, அதில் சில சொட்டுகளை ஸ்டிரரில் வேகமாகச் சுழலும் டொலுவீனில் விட்டோம். விழுந்த நொடியிலேயே நிறம் வந்தது. உலை வேண்டியிருக்கவில்லை, வெற்றிடம் வேண்டியிருக்கவில்லை. ஆவியை வெளியேற்றும் ஃபியூம் ஹூடின் முன் நின்று கையுறை மாட்டிக்கொண்டு செய்தோம், அவ்வளவுதான். குப்பிக்குள் மிதப்பவை பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள குறைக்கடத்தியின் நானோபடிகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). புரோமினுக்குப் பதிலாக அயோடினைப் போட்டால் சிவப்பு வரும், குளோரினைக் கலந்தால் நீலம் வரும். சூரிச்சில் கொவலென்கோ என்ற பேராசிரியரின் குழு 2015-இல் செய்து காட்டிய பொருள் இது. அறை வெப்பநிலையிலேயே செய்யும் வழி அடுத்த வருடமே வந்துவிட்டது. உலகம் இன்று டிவி திரைக்கும் விளக்குக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஆராயும் ஒரு குறைக்கடத்தியை, தென்மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் எம்.எஸ்சி. மாணவர்கள் ஒரே மாலையில் செய்துவிட்டார்கள்.

ஆனால் குப்பியில் ஒளிர்வதை ஒரு விளக்காக மாற்ற எங்களால் முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். என் பிஎச்.டி.யும் நானோ பொருள்களில்தான். சிங்க் ஆக்ஸைடை, கரைசலிலிருந்து பொருள் எடுக்கும் சோல்-ஜெல் முறையில் தயாரித்து, மஃபிள் ஃபர்னஸில் 500 டிகிரியில் சூடாக்கி, வெள்ளைப் பொடியாக எடுத்து எபென்டார்ஃப் குப்பியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவேன். எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) வரும், எஸ்.ஈ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் வரும், யூ.வி. (ஒளியை உறிஞ்சும் அளவு) வரும். எக்ஸ்.ஆர்.டி. கதிரின் அலைநீளமான 1.5406 ஆங்ஸ்ட்ராம் என்ற எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஆயிரக்கணக்கான பேர் இந்த மாநிலத்தில் இருக்கிறோம். ஷெரர் சூத்திரத்தில் போட்டால் துகளின் அளவு 27 நானோமீட்டர் என்று வரும். கொஞ்சம் மாங்கனீஸ் சேர்த்தால் ஒரு பேப்பர், கோபால்ட் சேர்த்தால் இன்னொன்று. மெத்திலீன் புளூ சாயத்தை வெயிலில் வைத்து வெளுப்பதைக் காட்டினால் பயன்பாடு என்று ஒரு பகுதி சேர்ந்துவிடும். எல்லாப் பேப்பரின் கடைசி வரியும் ஒன்றுபோலவே இருக்கும்: இந்தப் பொருள் சூரிய மின்கலன்களுக்கும் ஒளி உமிழும் டயோடுகளுக்கும் மிகவும் ஏற்றது.

அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு சூரிய மின்கலனைக்கூட என் கையால் செய்து பார்த்ததில்லை. ஏற்றதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே இருக்கவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகும் அது என் மனதை உறுத்துகிறது. அதே வரியை என் மாணவர்கள் எழுதும்போது இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

சிங்க் ஆக்ஸைடு ஒன்றுக்கும் உதவாத பொருள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டோக்கியோவில் ஹிடியோ ஹொசோனோ என்ற பேராசிரியர் இதே சிங்க் ஆக்ஸைடோடு இண்டியத்தையும் காலியத்தையும் சேர்த்து, வளையும் பிளாஸ்டிக் தகட்டின்மேல் டிரான்சிஸ்டர் செய்தார். அந்தக் கட்டுரை 2004-இல் வந்தது. இன்று பெரிய ஓ.எல்.ஈ.டி. டிவிகளின் திரைக்குப் பின்னால் ஒவ்வொரு புள்ளியையும் ஏற்றி அணைப்பது அந்தக் குடும்பத்து டிரான்சிஸ்டர்தான். இன்னொன்றும் இருக்கிறது. குவாண்டம் டாட்டுகள் என்ற நானோ அளவுக் குறைக்கடத்தித் துகள்களுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி ஒளியெடுக்கும் விளக்குகளில் எலக்ட்ரானைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அடுக்காக சிங்க் ஆக்ஸைடு நானோதுகள்களை வைக்கலாம் என்று 2011-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு ஒன்று காட்டியது. அதற்குப் பிறகு அந்தத் துறையில் பெரும்பாலும் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அங்கே வேண்டியது ஐந்து நானோமீட்டருக்கும் குறைவான துகள்கள். எத்தனாலில் போட்டால் அடியில் தங்காமல், தண்ணீர் மாதிரித் தெளிவாக மிதக்க வேண்டும். அதற்கு 500 டிகிரியில் சுடவே கூடாது. சுட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு பெரிதாகிவிடும், அப்புறம் எதிலும் கரையாது, மெல்லிய படலமாகப் பூசவும் வராது. நாங்களோ வருடக்கணக்காகச் சுட்டுக்கொண்டிருந்தோம். எக்ஸ்.ஆர்.டி.யில் கூர்மையான முகடு வருவதற்காகச் சுட்டோம். நல்ல முகடு வந்தால் நல்ல பொருள் என்று நினைத்தோம். டிவைஸ், அதாவது அந்தப் பொருளால் இயங்கும் மின்கலன், விளக்கு மாதிரி ஒன்றைச் செய்து பார்த்திருந்தால் முதல் மாதத்திலேயே இது தெரிந்திருக்கும். எந்தப் பொருளைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதையே டிவைஸ்தான் சொல்லிக்கொடுக்கிறது. அது இல்லாமல் போனதால்தான் இத்தனை பேரின் இத்தனை வருட உழைப்பு பொடியோடு நின்றுவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, ஒரு சூரிய மின்கலனை நாங்களே செய்து பார்ப்போம் என்று இரண்டு வருடம் முன்பு இறங்கினோம். மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள எஃப்.டி.ஓ. கண்ணாடி வாங்கினோம். துத்தநாகப் பொடியையும் அமிலத்தையும் வைத்து அதன் பூச்சை வேண்டிய இடத்தில் அரித்து எடுத்தோம். பழைய கம்ப்யூட்டரின் ஃபேனைக் கழற்றி, கரைசலைச் சுழற்றிப் படலமாகப் பூசும் ஸ்பின் கோட்டர் செய்தான் ஒரு மாணவன், வேகம் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டரோடு. மெத்திலமோனியம் லெட் அயோடைடு என்ற பெரோவ்ஸ்கைட்டின் கரைசலை ஊற்றிச் சுழலவிட்டு, சரியான நொடியில் குளோரோபென்சீன் சொட்டு விட்டு, ஹாட் பிளேட்டில் 100 டிகிரியில் வைத்தோம். மஞ்சளாக இருந்த படலம் எங்கள் கண்முன்னே பழுப்பாகி, பிறகு கருத்து, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. மேலே எரிந்த ட்யூப்லைட்டின் பிம்பம் அதில் நேராக, நடுங்காமல் தெரிந்தது. படலம் சமமாக வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஏழு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருவரும் பேசவில்லை.

அதன்மேல் உலோக முனை படிய வைத்தால் மின்கலன் தயார். அதற்கு வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் எவாப்பரேட்டர் வேண்டும். எங்களிடம் இல்லை. ஓரிடத்தில் கேட்டோம், மூன்று வாரம் கழித்து முறை வரும் என்றார்கள். ஐப்பசி மாதம், அடைமழை. ஈரமில்லாத காற்றில் படலத்தைப் பாதுகாக்கும் குளோவ் பாக்ஸும் இல்லை. ஈரம் உறிஞ்சும் டெசிக்கேட்டர் ஜாடியில் வைத்து மூடினோம். மறுநாள் காலை ஓரங்களில் மஞ்சள் தெரிந்தது. மூன்றாம் நாள் படலம் முழுக்க மஞ்சள் நிற லெட் அயோடைடாகத் திரும்பிவிட்டது. அந்தக் கண்ணாடியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாணவர்களுக்குக் கைத்திறமை இருக்கிறது. பொருளைச் செய்யத் தெரிகிறது. கடைசி இரண்டு படிகள்தான் இல்லை. அந்த இரண்டு படிகளுக்கு ஆகும் செலவு, நீங்கள் தினமும் பார்க்கும் தொகைகளோடு ஒப்பிட்டால் மிகச் சின்னது.

குஜராத்தின் தோலேராவில் டாடாவும் தைவானின் பி.எஸ்.எம்.சி.யும் சேர்ந்து அமைக்கும் சிப் ஆலைக்கு ₹91,000 கோடி என்று அறிவித்திருக்கிறார்கள். சிலிக்கான் அப்படித்தான். 1,414 டிகிரியில் உருக்கி, ஒற்றைப் படிகமாக இழுத்து, அறுத்து, தூசியே இல்லாத கூடத்தில் நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்ட வேண்டும். அதை ஒரு கல்லூரியோ, ஏன், ஒரு மாநிலமோ தனியாகச் செய்ய முடியாது. குறைக்கடத்தி நானோ பொருள்களின் கதை வேறு. இவை மை. குப்பியில் இருக்கும், பூசலாம், அச்சடிக்கலாம், இட்லி வேகும் சூட்டில் காயவைக்கலாம். முழு மின்கலனின் உயிர்நாடியான படலமே அரை மைக்ரான் கனம்தான். இந்தத் துறைக்குள் நுழைய ஒரு சின்னக் கதவு இருக்கிறதென்றால் அது இதுதான்.

அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலனே உலகத்துக்குள் வந்தது. 2009-இல் அதை முதன்முதலில் அறிவித்தவர் சுதோமு மியாசகா. அவர் வேலை பார்த்த டோய்ன் யோகோஹாமா பல்கலைக்கழகம் ஒன்றும் ஜப்பானின் பெரிய பெயர்களில் சேர்ந்ததல்ல, சின்னத் தனியார் பல்கலைக்கழகம். அகிஹிரோ கோஜிமா என்ற மாணவர் இந்தப் பொருளைப் போட்டுப் பார்க்கலாம் என்று முனைந்தார். கிடைத்த திறன் 3.8 சதவீதம். திரவ எலக்ட்ரோலைட்டில் அந்தக் கலன் சில நிமிடங்களே தாங்கியது. இருந்தாலும் அவர்களால் அதைக் கலனாகச் செய்து, விளக்கின்கீழ் வைத்து, மின்னோட்டத்தை அளந்து, எண்ணை எழுத முடிந்தது. இன்று அந்த எண் 26-ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கான் மேல் அடுக்கிய டேண்டம் கலனில் 34-ஐயும் தாண்டியிருக்கிறது. அன்று அவர்களும் பொடியை எக்ஸ்.ஆர்.டி.க்கு அனுப்பிவிட்டு நின்றிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

டிரான்சிஸ்டரிலும் இதே போக்குதான். கார்பன் நானோகுழாயால் 14,000-க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர் கொண்ட பிராசசரை எம்.ஐ.டி. 2019-இல் செய்தது. ஒரு மூலக்கூறு கனமே உள்ள மாலிப்டினம் டைசல்பைடில் 5,900 டிரான்சிஸ்டர் கொண்ட பிராசசரை 2025-இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகம் காட்டியது. இந்த அளவுக்கு நாளைக்கே போய்விடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒற்றை டிரான்சிஸ்டர் ஒன்றைச் செய்து, அது ஏறி அணைகிறதா என்று பார்க்கும் வாய்ப்பாவது எம்.எஸ்சி. படிக்கிறவருக்குக் கிடைக்க வேண்டும்.

2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் இந்த இயக்கத்துக்கு ஐந்து ஆண்டுகளில் ₹500 கோடி என்றும், சூலூரிலும் பல்லடத்திலும் தொழில் பூங்கா என்றும் படித்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கு அது தகும். நான் கேட்பது அந்த ஐந்நூறில் மிகச் சிறிய ஒரு துண்டு. தென்மாவட்டங்களில் ஓரிடத்தில், எந்தக் கல்லூரி மாணவரும் நேரம் பதிவுசெய்து வந்து தன் பொருளை டிவைஸாக மாற்றிப் பார்க்கும் ஒரு பொதுக்கூடம். குளோவ் பாக்ஸ் இரண்டு, எவாப்பரேட்டர் ஒன்று, ஒழுங்கான ஸ்பின் கோட்டரும் பிளேட் கோட்டரும், சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்று அளவு பிடித்த சோலார் சிமுலேட்டர், விளக்குகளின் ஒளியை அளக்க இன்டெக்ரேட்டிங் ஸ்பியர், டிரான்சிஸ்டரை ஊசிமுனை வைத்து அளக்க ஒரு புரோப் ஸ்டேஷன். இவ்வளவுதான். சிப் ஆலைத் தரத்தில் சுத்தமான அறை வேண்டாம்.

ஐ.ஐ.டி.யும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன, நன்றாகவே நடக்கின்றன. அந்த இடங்களின் நானோ கூடங்களை வெளி மாணவர்களுக்குத் திறந்துவிடும் ஐ.என்.யு.பி. என்ற மத்திய அரசுத் திட்டம் 2008-இல் தொடங்கியது, பின்னால் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் சேர்ந்தது. இந்தத் திட்டம் நான் கேட்பதற்கு முன்மாதிரி. ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் ஆராய்ச்சி செய்கிற நான்கு பேரில் மூன்று பேர் பெண்கள். ஒருவர் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறார், வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. வாழைக்குருத்து என்று சொன்னவர் அவர்தான். இரண்டு வாரம் பெங்களூரில் தங்கிப் பயிற்சி எடுக்க இடம் கிடைத்தது, போக முடியவில்லை. காலையில் போய் ராத்திரி திரும்பும் தூரத்தில் ஒரு கூடம் இருந்தால் அவர் போவார். அவரைப் போல நூற்றுக்கணக்கான பேர் போவார்கள்.

எங்கே வைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். என்னைக் கேட்டால் காரைக்குடியைச் சொல்வேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊருக்கு வந்தது. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்தார்கள். மின்முனை, பூச்சு, படலம் என்று எழுபது வருட அனுபவம் அந்த ஊரில் இருக்கிறது. பக்கத்திலேயே பல்கலைக்கழகம். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பஸ் உண்டு. சிவகாசியும் தூரமில்லை. அதையும் வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். மையின் பிசுபிசுப்பு எவ்வளவு இருக்க வேண்டும், எந்த ஈரப்பதத்தில் எப்படிக் காயும், அடுக்குமேல் அடுக்கு எப்படி நகராமல் விழ வேண்டும் என்பதெல்லாம் அங்குள்ள அச்சகக்காரர்கள் கையில் இருக்கிற அறிவு. அச்சடிக்கும் மின்கலன் பற்றி ஆராய்கிறவர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

கருவி வாங்குவதைவிட முக்கியமான ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆள் போடுங்கள். எவாப்பரேட்டருக்கு ஒருவர், குளோவ் பாக்ஸுக்கு ஒருவர், அளவீட்டுக்கு ஒருவர், நிரந்தர வேலையில், நல்ல சம்பளத்தில். ஏ.எம்.சி. என்ற வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த மறுவருடமே துணி போர்த்தி மூடிய கருவிகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பம்புக்கு எண்ணெய் மாற்ற ஆளில்லாமல் நின்றுபோனவை அவை. புராஜெக்ட் முடிந்ததும் வேலைபார்த்த பையன் போய்விடுகிறான், அவனோடு கருவியின் சூட்சுமமும் போய்விடுகிறது. ஒரு நல்ல ஆபரேட்டர் இருபது வருடம் ஒரே கருவியோடு இருந்தால், அவர் கையால் பல நூறு ஆராய்ச்சி மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

ஈயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரோவ்ஸ்கைட்டில் ஈயம் இருக்கிறது, குவாண்டம் டாட்டுகள் பலவற்றில் காட்மியம் இருக்கிறது. கல்லூரி ஆய்வகங்களில் இவற்றின் கழிவைப் பாட்டிலில் சேர்த்து வைக்கிறோம், அதை எங்கே கொடுப்பது என்று ஒழுங்கான ஏற்பாடு எங்கள் பக்கம் இல்லை. பொதுக்கூடம் வந்தால் முதல் நாளிலிருந்தே கழிவைச் சேகரித்து முறையாக அகற்றும் பொறுப்பும் அதனிடம் இருக்க வேண்டும். காட்மியத்துக்கு மாற்றாக இண்டியம் பாஸ்பைடும், ஈயத்துக்கு மாற்றாகத் தகரமும் உலகமெங்கும் ஆராயப்படுகின்றன. எங்கள் மாணவர்களுக்கும் அந்தக் கேள்விகளில் இறங்க ஆசை இருக்கிறது.

இன்னொரு வேலையை இந்த மண்ணில்தான் செய்ய முடியும். சூரிய மின்கலனின் திறனை உலகம் முழுக்க 25 டிகிரியில் வைத்துத்தான் அளந்து சொல்கிறார்கள். கமுதியில் சித்திரை வெயிலில் பேனலின் உடம்புச் சூடு 60 டிகிரிக்கு மேல் போகும். ராமேசுவரத்தில் உப்புக்காற்று, ஐப்பசியில் ஈரம். பெரோவ்ஸ்கைட்டின் பெரிய பலவீனமே சூடும் ஈரமும்தான். சிலிக்கான் பேனலுக்கு 25 வருடம் உத்தரவாதம் கொடுக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில்கூட இது இன்னும் வரவில்லை. மொட்டை மாடியில் கலன்களை வரிசையாக வைத்து, எது எத்தனை நாளில் எப்படிக் கெட்டது என்று ஒழுங்காகக் குறித்து, அந்தத் தரவை எல்லோருக்கும் திறந்து வைத்தால் உலகமே அதைத் தேடி வரும். தோற்ற கலன்களின் கணக்கும் அதில் இருக்க வேண்டும். அதற்கு வேண்டியது வெயிலும் பொறுமையும் உள்ள மாணவர்கள். இரண்டும் எங்களிடம் ஏராளம்.

பிள்ளைப்பாக்கத்தில் அமெரிக்க நிறுவனமான ஃபர்ஸ்ட் சோலாரின் காட்மியம் டெல்லூரைடு சூரியத் தகடு ஆலை 2024-இல் திறந்தது. கங்கைகொண்டானில் டாடாவின் சிலிக்கான் கலன் ஆலை நடக்கிறது. இரண்டிலும் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள், அது நல்லது. அந்த ஆலைகளுக்குள் இருக்கும் தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்தது. அடுத்த தலைமுறைக் கலனில் ஒரு அடுக்காவது இங்கே பிறந்ததாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது தப்பில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாக மதிப்பீடு பற்றி. பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் பேப்பர் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் விலக்கிவிட்டது. ஆனாலும் நடைமுறையில் எண்ணிக்கைதான் இன்னும் பேசுகிறது. நீங்கள் நிதி தரும்போது எத்தனை பேப்பர் என்று கேட்காமல், எத்தனை டிவைஸ் செய்தீர்கள், எத்தனை பேர் கையால் செய்யக் கற்றார்கள், எத்தனை நாள் தாங்கியது என்று கேளுங்கள். நீங்கள் கேட்கும் கேள்விக்குத் தக்கபடிதான் நாங்கள் ஆராய்ச்சி செய்வோம்.

டிசம்பர் கடைசி வரை எங்கள் ஆய்வகம் திறந்திருக்கும். உங்களில் ஒருவர் ஒரு நாள் மாலை வந்தால் போதும். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை உங்கள் கையிலேயே தருகிறோம். குப்பியையும் பாருங்கள், மஞ்சளாகிப்போன அந்தக் கண்ணாடியையும் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் மாணவி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக உங்களுக்குச் சொல்வார்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் உதவிப் பேராசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.